மறுசுழற்சி என்பதும் பொறுக்கி என்பதும்

மறுசுழற்சி என்று சொன்னால் மரியாதை. பொறுக்கி என்று சொன்னால் வசை. இரண்டும் ஒரே வேலையைக் குறிக்கிற சொற்கள். ஒன்றைக் கண்ணாடிக் கதவின் மேல் பச்சை எழுத்தில் எழுதுகிறார்கள். மற்றதைக் கட்டடத்தின் பின்பக்கம் நின்று கூப்பிடுகிறார்கள். குனிந்து எடுப்பவரை இழிவுபடுத்தத் தமிழில் சொல் இருக்கிறது, போட்டுவிட்டுப் போகிறவரை இழிவுபடுத்த ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கவில்லை. இந்த அகராதியை யார் எழுதினார்கள் என்று கேட்காமல் நம்மால் சுற்றுச்சூழல் பேச முடியுமா?

செல்ஃப் ஸ்டோரேஜ் என்று ஒரு வியாபாரம் சென்னையிலும் பெங்களூரிலும் பெருகிவருகிறது. 1960களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் தலையெடுத்த தொழில். கிடங்கைச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து மாத வாடகைக்கு விடுவது. சாமான் உங்களுது, பூட்டு உங்களுது, சாவியும் உங்களுது. வீடு மாறுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள், செத்துப்போன அப்பாவின் தேக்கு அலமாரியை விற்க மனசு வராதவர்கள், கோப்பு வைக்க இடமில்லாத அலுவலகங்கள் எல்லாரும் அங்கே வருகிறார்கள்.

இந்த வியாபாரம் இப்போது பசுமை பேசுகிறது. கூரையில் சோலார் தகடு, ஆள் நடந்தால் மட்டும் எரிகிற எல்இடி விளக்கு, காகிதமில்லாத ஒப்பந்தம், ஒருவர் காலி செய்த அட்டைப்பெட்டியை அடுத்தவர் எடுத்துக்கொள்ள ஒரு மூலை. இதையெல்லாம் நான் கேலி செய்ய வரவில்லை. அட்டைப்பெட்டி பெட்டியாகவே நாலு கை மாறுவது கூழாவதைவிட மேல். கூழாகும் ஒவ்வொரு தரமும் காகிதத்தின் நார் குட்டையாகிறது, ஐந்தாறு சுற்றுக்கு மேல் தாங்காது. ஆகவே அந்த மூலை நல்ல மூலைதான். என் கேள்வி அந்த மூலையைத் தாண்டிப் பின்வாசலில் இருக்கிறது.

எனக்கு இது தெரிந்தது வங்கி வேலையால். வங்கிகள் பழைய பதிவேடுகளைச் சிலவற்றை 5 வருடமும் சிலவற்றை 8 வருடமும் வைத்திருக்க வேண்டுமென்று 1985ஆம் வருடத்து விதி சொல்கிறது. எங்கள் கிளையில் இடமில்லை. வவுச்சர் மூட்டைகள் அப்படியொரு கிடங்குக்குப் போயின, பெட்டி எண்ணிச் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். முன்பக்கம் குளிர்சாதனம், வரவேற்பு மேசை, 'குப்பையில்லா வளாகம்' என்று ஒரு பலகை. பின்பக்கம் தகரக் கதவுக்கு வெளியே ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மூணு சக்கர வண்டியை நிறுத்திவிட்டு அட்டைப்பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக் கொண்டிருந்தார்கள். கையுறை கிடையாது. பெட்டி ஊக்கு கிழித்த கீறல் அவர் முழங்கைவரை இருந்தது. பலகையில் போட்டிருந்த 'குப்பையில்லா' என்பதைச் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

எதெது விலை போகும் என்று கேட்டேன்.

"அட்டை பரவால்ல சார். இந்த வெள்ளக் கட்டி இருக்கு பாருங்க, தெர்மாக்கோலு, இத எவனும் வாங்க மாட்டான். வண்டி ரொம்பிடும், எடை நிக்காது. அதையும் நீதான் எடுத்துனு போணும், இல்லாட்டி அட்டையும் கெடையாதுன்றாங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் இந்தத் தொழிலின் முழுப் பொருளாதாரமும் இருக்கிறது தோழர்களே. தெர்மாக்கோலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெறும் காற்று. அதைச் சுமந்து எங்கோ கொட்டுகிற செலவு முதலாளியுடையது. அந்தச் செலவை அட்டை கொடுக்கிற சாக்கில் அவர்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். சுருட்டி ஒட்டுகிற பிளாஸ்டிக் படலமும் அப்படித்தான். மண்ணும் ஒட்டுநாடாவும் சேர்ந்தால் விலை விழும், பிரித்துத் துடைக்கிற கூலி அவர்கள் கைக்கூலி. எங்கள் வவுச்சர்கள் காலம் முடிந்ததும் துண்டு துண்டாக அரைக்கப்படும். அரைத்த தாளில் நார் அறுந்துபோவதால் அதற்கும் விலை கம்மி. வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பாற்றுகிற செலவில்கூட ஒரு பங்கு அந்த வண்டிக்குத்தான் போகிறது என்பது எங்கள் அதிகாரிகள் யாருக்கும் தோன்றியிருக்காது. தண்ணீர்க் குழாய், கழிப்பறை பற்றியும் கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எந்த ஆளுங்க என்று நான் கேட்கவில்லை. பெரும்பாக்கத்திலிருந்து வருகிறோம் என்றார்கள். அது போதும். கூவம், அடையாறு கரைகளிலிருந்த குடிசைகளைக் காலி செய்து, குறிப்பாக 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மக்களைக் கொண்டுபோய் அடைத்த இடம் பெரும்பாக்கம். அதற்கு முன்பே கண்ணகி நகர் வந்துவிட்டது. அங்கே ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் இருநூறு சதுர அடிகூடத் தேறாது. சமையல், படுக்கை, வயசுக்கு வந்த பெண், படிக்கிற பையன் எல்லாம் அதற்குள். இந்த ஊரில் ஒரு குடும்பத்தின் உபரிச் சோபாவுக்கு நூறு சதுர அடி வாடகைக்குக் கிடைக்கிறது. இன்னொரு குடும்பம் முழுசாக அதைப்போல ரெண்டு மடங்குக்குள் முடங்குகிறது. கரையிலிருந்து இவர்களைத் தூக்கியபோது கட்டிலும் பீரோவும் என்னவாயிற்று? மாநகராட்சி லாரியில் ஏறினது ஏறிற்று, ஏறாதது அங்கேயே உடைந்தது. அந்தச் சாமானுக்கு யாரும் பூட்டும் சாவியும் கொடுக்கவில்லை. பொருளைப் பத்திரப்படுத்துகிற உரிமையும் இந்த நாட்டில் சாதிவழிச் சொத்துதான்.

இங்கே நம் பக்கத்துத் தோழர்களே ஒரு மறுப்புச் சொல்வார்கள். குப்பைத் தொழிலை விட்டு வெளியேறு என்பதல்லவா அம்பேத்கர் வழி, நீ ஏன் குப்பைக்குள்ளேயே கையுறை கேட்கிறாய்? மலம் அள்ளுவதைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. 1993இலும் 2013இலும் சட்டம் போட்டும் சாக்கடைக் குழியில் சாவு நிற்கவில்லை, 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. உயிருக்கு விலை ஏற்றிக்கொண்டே போவது விடுதலை ஆகாது. அந்தத் தொழில் ஒழிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அட்டை, இரும்பு, பிளாஸ்டிக், தாள் வேறு கதை. அதில் காசு இருக்கிறது. நாறுகிறவரை நம்முடையது, காசு தெரிந்ததும் அவங்களுது என்பதுதான் இப்போது நடக்கிறது. 2022 முதல் பிளாஸ்டிக் உற்பத்தியாளர்கள் தங்கள் பொறுப்பை நிறைவேற்றியதாகக் காட்டச் சான்றிதழ் வாங்கலாம். அந்தச் சான்றிதழ் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையின் பெயரில் பிறக்கிறது. தெருவில் அதைப் பிரித்தெடுத்த கை எந்தத் தாளிலும் பதியவில்லை. கணக்குப் புத்தகத்தோடு பிழைக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், பதியப்படாத உழைப்பைத்தான் லாபம் என்று எழுதுகிறார்கள். ஆக, வெளியேறுகிறவர் வெளியேறட்டும், பிள்ளைகள் கட்டாயம் வெளியேறட்டும். இன்றைக்கு அதில் இருக்கிறவரை வெறுங்கையோடு துரத்துவதற்கு வெளியேற்றம் என்று பெயர் வைக்காதீர்கள்.

துரத்துவதை நாம் நேரில் பார்த்தோம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், 13 நாள் உட்கார்ந்தார்கள். ராத்திரியில் போலீஸ் வந்து தூக்கியது. அந்தக் கூட்டத்தை அன்று எத்தனை பசுமை இயக்கங்கள் தங்களுடைய போராட்டமாக நினைத்தன? மரம் நடுவதற்கு வருகிற கூட்டம் அங்கே வரவில்லை என்பது என் வருத்தம்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. புனேயில் 1993இல் குப்பை பொறுக்குவோர் சங்கம் கட்டினார்கள், பெரும்பாலும் தலித் பெண்கள். 2008இல் அவர்களுடைய கூட்டுறவு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடுவீடாகச் சேகரிக்கிற வேலையை எடுத்தது. சேகரிப்புக்குக் கட்டணம் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும், விற்கிற காசு சேகரிக்கிறவருக்கு. அங்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இழுபறிதான். ஆனாலும் அடையாள அட்டையோடு பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து இழுபறி செய்கிறார்கள். இந்தியா முழுவதற்குமான 2016 திடக்கழிவு விதிகளிலேயே குப்பை பொறுக்குவோரை அங்கீகரித்து இணைக்க வேண்டுமென்று எழுதியிருந்தது. நம்ம ஊரில் அது எழுத்தாகவே கிடந்தது.

ஆகவே பசுமை என்று பலகை மாட்டுகிற கிடங்குக்காரர்களிடம் கேட்க நமக்குச் சில கேள்விகள் உண்டு. எடுத்துச் செல்கிறவரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? எடை அவர் கண் முன்னால் போடப்பட்டுச் சீட்டு கொடுக்கப்படுகிறதா? தெர்மாக்கோலை ஏற்றிப்போகத் தனிக் கூலி உண்டா? குழாயும் கழிப்பறையும் அவருக்குத் திறந்திருக்கிறதா? வாடகை கட்டாமல் விட்டுப்போன அறைகளை, நோட்டீஸ் காலம் முடிந்த பிறகு, ஏலக்காரருக்கு முன்னால் இவர்களுடைய குழுவுக்குக் காட்டுவீர்களா? அந்தச் சாமானில் பாதி பழுது பார்த்தால் இன்னும் பத்து வருடம் ஓடும், கூழாக்குவதற்கும் உருக்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய நிஜமான மறுபயன்பாடு அதுதான்.

சமூகப்பணி படிக்கிற மாணவத் தோழர்கள் களப்பணிக்கு இடம் தேடுவார்கள். பள்ளிக்கரணை, பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் போங்கள். முன்கதவில் கையெழுத்துப் போட்டு உள்ளே போய்ப் பலகையைப் படித்துவிட்டு, சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வாருங்கள். காலையில் பத்து மணிக்குள் போனால் வண்டி நிற்கும்.