கொடுக்காமல் வாங்கினால் எப்படி?

திண்டுக்கல்லுக்குத் தண்ணீர்க் கஷ்டம் புதிதல்ல. ஆத்தூர் காமராசர் அணை வற்றினால், நகரில் குழாயடி வரிசை நீளும். விடியும் முன்பே குடத்தைக் கொண்டுபோய் வைக்கவேண்டும். குடம் இல்லாவிட்டால் ஒரு செங்கல்லையாவது வைத்து இடம் பிடிக்கவேண்டும். சண்டை வந்தாலும், அந்த வரிசைக்கு ஒரு நியாயம் உண்டு.

இப்பொழுது வீட்டுக்குள்ளேயே இன்னொரு குழாயடி வந்துவிட்டது. அதுதான் கம்ப்யூட்டர்!

பையன் இரவு முழுவதும் ஒரு பைலை இறக்குகிறான். விடிந்து பார்த்தால் பாதிகூட வந்திருக்காது. உடனே இண்டர்நெட் கம்பெனிக்காரரைத் திட்டுகிறான். கம்பெனி மீது குற்றம் இருப்பதும் உண்டு. ஆனால் பல வீடுகளில் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

முதலில் கணக்கைப் பார்க்கவேண்டும். கம்பெனி "100" என்று விளம்பரம் செய்வது "மெகா பிட்" கணக்கு. கம்ப்யூட்டர் காட்டுவதோ "மெகா பைட்" கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். நம் ஊர்ப் பழைய அளவில், 8 ஆழாக்கு 1 படி என்பதைப் போல! ஆகவே வினாடிக்கு பன்னிரண்டரை மெகா பைட் வந்தால், 100 முழுவதும் வந்துவிட்டது என்று பொருள். இதை விளம்பரத்திலேயே எழுதினால் என்ன? எழுதமாட்டார்கள்!

பந்தியில் யாருக்கு முதல் இலை?

பைல் பகிரும் முறை சற்று விசித்திரமானது. ஒரே பெரிய இயந்திரம் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. பைலைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டு பெற்றவர், அதை அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும். சாப்பிட வந்தவரே பரிமாறவும் செய்கிறார்! 2001-ம் ஆண்டில் பிராம் கோகன் என்ற அமெரிக்கர் செய்த "பிட்டாரண்ட்" இப்படித்தான் இயங்குகிறது.

அது 10 வினாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும். தனக்கு அதிகம் கொடுப்பவர் யாரோ, அவருக்கே தானும் கொடுக்கும். அப்படியானால் வெறுங்கையோடு புதிதாக வந்தவர் கதி? அதற்கும் வழி உண்டு. 30 வினாடிக்கு ஒருமுறை, கணக்குப் பார்க்காமல் யாராவது ஒருவருக்கு வாய்ப்புக் கொடுக்கும்.

"ஈமியூல்" என்ற இன்னொரு மென்பொருளில் உண்மையான வரிசையே உண்டு. அதிக நேரம் காத்திருந்தவர் முன்னே நகர்வார். முன்பு நமக்குக் கொடுத்து உதவியவர் என்றால், அவருடைய மதிப்பு 10 மடங்கு வரை உயரும். நீண்ட நேரம் கம்ப்யூட்டரை அணைத்து வைத்தால் இடம் போய்விடும். இங்கே செங்கல் செல்லாது!

சில கெட்டிக்காரப் பிள்ளைகள் கொடுக்கும் வேகத்தை அடியோடு குறைத்துவிடுகிறார்கள். வாங்குவதற்கு எல்லாம் மிஞ்சும் என்று நினைப்பு. மென்பொருள் அவர்களைக் கடைசி இலைக்கு அனுப்பிவிடுகிறது. அதுவும் சரிதானே?

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கொடுக்கும் வழி முழுவதையும் திறந்துவிடுவது! ஒவ்வொரு துண்டு வந்ததும் "வந்து சேர்ந்தது" என்று ரசீது போகவேண்டும். ரசீது போகும் பாதையும் அதுதான். பாதை அடைத்துக்கொண்டால் ரசீது தாமதமாகும். ரசீது வராவிட்டால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். அதே வீட்டில் அக்காள் தேர்வு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருப்பாள். கடைசி நாள்! அதுவும் நடுவழியில் நின்றுவிடும். தம்பியின் சினிமாவுக்காக அவளுடைய ஒரு வருடம் பாழாகவேண்டுமா? கொடுக்கும் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். மென்பொருளிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

இருபது பைல்களை ஒரே சமயத்தில் இறக்குவதும் பேராசைதான். ஒரு குழாயின் கீழ் இருபது குடம் வைத்தால் எது நிறையும்? இரண்டு, மூன்று ஓடட்டும். மற்றவை வரிசையில் நிற்கட்டும்.

பூட்டிய கதவு

2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது திண்டுக்கல் பூட்டு. கம்ப்யூட்டரிலும் அதுபோன்ற பூட்டு உண்டு. வெளியே இருப்பவர் வந்து தட்டும் கதவு அடைத்திருந்தால், நாம் தேடிப்போகிறவரிடம் மட்டுமே வாங்கமுடியும். நம்மைத் தேடி வருபவர் திரும்பிப் போய்விடுவார். செல்போன் கம்பெனிகள் பலருக்குச் சேர்த்து ஒரே விலாசம் கொடுப்பதால், அங்கே இந்தக் கதவைத் திறப்பது அநேகமாக முடியாத காரியம். வீட்டுக் கேபிள் இணைப்பாக இருந்தால், கம்பெனியைக் கேட்டுப் பார்க்கலாம்.

பெற்றோர் தெரிந்துகொள்ளவேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. திருட்டுச் சினிமாவை இந்த முறையில் இறக்குகிற பையன், அதே நேரத்தில் அதை ஊருக்கு வினியோகமும் செய்கிறான். "நான் பார்க்கத்தான் எடுத்தேன்" என்ற பேச்சு எடுபடாது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, தெரிந்தே செய்தால் 3 ஆண்டு வரை சிறையும், 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

அதற்காக, இந்த முறையையே தடை செய் என்பது தவறு. 2012-ம் ஆண்டில் "3" சினிமாப் படத்துக்காகச் சென்னை ஐகோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. கம்பெனிகள் முழுத் தளங்களையே மூடிவிட்டன. குற்றமில்லாத தளங்களும் அதில் மாட்டிக்கொண்டன. பிறகு, குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும் என்று கோர்ட்டு விளக்கியது. அதுதான் நியாயம்.

நல்ல சரக்கும் இதே வழியில்தான் வருகிறது. இலவச "லினக்ஸ்" மென்பொருள்கள் வருகின்றன. "இண்டர்நெட் ஆர்க்கைவ்" என்ற அமெரிக்க நூலகம் 2012 முதல் தன் புத்தகங்களை இப்படியும் கொடுக்கிறது. பழைய தமிழ்ப் புத்தகங்களும் அங்கே உண்டு.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. புதுச் சினிமாவுக்குக் கொடுப்பவர் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதிகம் பேர் தேடாத ஒரு பைலை முழுமையாக வைத்திருப்பவர் எங்கோ ஓர் ஊரில் ஒரே ஒருவராக இருக்கலாம். அவர் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போனால், இங்கே பேகம்பூரில் ஒரு மாணவனுடைய திரையில் 99 சதவீதத்தில் எல்லாம் நின்றுவிடும்.