உள்ளூர் வார இதழ் கேட்ட கேள்வி

நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் வெளியாகும் 'நார்த் ஷோர் லீடர்' ஒரு சிறு வார இதழ். 2022 செப்டம்பரில் அது ஒரு கேள்வி கேட்டது. ஈராண்டுக்கு முன் சொல்லும்படி சொத்தே இல்லை என்று கணக்குக் காட்டிய குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் சாண்டோஸ், இப்போது 1 கோடியே 10 லட்சம் டாலர் வரை காட்டுகிறாரே, எப்படி? இத்தனைக்கும் அவ்விதழ் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. இருந்தும் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே ஆதரித்தது.

பெரிய ஊடகங்கள் கண்டுகொள்ளவில்லை. நவம்பரில் சாண்டோஸ் வென்றார். அவர் படித்ததாகச் சொன்ன கல்லூரியிலும் வேலை பார்த்ததாகச் சொன்ன நிறுவனங்களிலும் அவர் பெயரே இல்லை என்று 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது டிசம்பர் 19ஆம் தேதி. மக்கள் வாக்களித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது! 2023 டிசம்பர் 1ஆம் தேதிதான் மக்களவை 311-114 என்ற வாக்குகளில் அவரை வெளியேற்றியது.

பத்திரிகைகளின் தலைநகரான நியூயார்க்கின் பக்கத்திலேயே இந்தக் கதி. அமெரிக்காவில் 2005க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன. பெரும்பாலானவை இத்தகைய வார இதழ்கள். வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போயின, நிருபர்களின் சம்பளமும் அதோடு போயிற்று. பேஸ்புக்கில் வேட்பாளர் தம்மைப் பற்றித் தாமே என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அவர் தாக்கல் செய்த சொத்துப் படிவத்தை வரிவரியாகப் படிக்க அந்த ஊரில் ஒருவர் வேண்டுமே. ஈராண்டுக்கு ஒருமுறை 435 தொகுதிகளுக்குத் தேர்தல் நடக்கிறது. அத்தனை படிவங்களையும் 'நியூயார்க் டைம்ஸ்' ஒன்றே படித்துவிட முடியாது.