மருந்துப் பெட்டிக்கு முன்னே பாஷை

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எழுந்து நிற்கும் மலைத்தொடரில், குழிப்பட்டி, குருமலை, மாவடப்பு முதலிய குடியிருப்புகளிலிருந்து ஒரு நோயாளியைக் கீழே கொணர வேண்டுமாயின், நீண்ட கழியில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வருவதை இவ்விதழின் வாசகர்களாகிய ஊழியர்களில் பலர் கண்டிருப்பர். அத்தொட்டிலின் பின்னே நடந்தவர்களும் உண்டு. அத்தகையோருக்குச் சேவையின் இலக்கணத்தை எடுத்தோதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும், சில மாதங்களாக நம் காரியாலயத்துக்கு வந்துசேரும் அறிக்கைகளைப் படிக்கையில் ஒரு விஷயத்தைச் சொல்லாதிருக்க மனம் வரவில்லை. எத்தனை போர்வை, எத்தனை மாத்திரை, எத்தனை முகாம் என்னும் கணக்கு அவற்றில் தவறாது இருக்கிறது. போன இடத்து ஜனங்கள் வாய்திறந்து என்ன சொன்னார்கள் என்பதற்கோ ஒரு வரி இடமும் கிடைப்பதில்லை.

இக்குறையை எண்ணுந்தோறும் நமக்கு சாமுவேல் பிஸ்க் கிறீன் நினைவுக்கு வருகிறார். 1822இல் அமெரிக்காவில் பிறந்து, 1847இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கி, மறு ஆண்டிலேயே மானிப்பாய் என்னும் கிராமத்தில் வைத்தியப் பணியையும் வைத்தியப் போதனையையும் ஊன்றிய அந்த மிஷன் வைத்தியர், ஆரம்பத்தில் தம் மாணாக்கருக்கு ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றுத் தேறிய வாலிபர்களில் பலர், வைத்தியத்தோடு ஆங்கிலமும் கைவந்துவிட்டதனால், அரசாங்க உத்தியோகத்தையும் பட்டணத்தையும் நாடிப் போயினர். எந்தக் கிராமத்துக்காக இத்தனை பிரயாசை எடுக்கப்பட்டதோ, அந்தக் கிராமம் பழையபடியே கிடந்தது. குறை மாணாக்கரிடத்தில் இல்லை, தாம் கற்பித்த பாஷையில் இருக்கிறது என்று கண்டுகொண்டதே கிறீனின் பெருமை. 1864 முதல் அவர் தமிழிலேயே போதிக்கலானார். அவரிடம் பயின்று வெளிவந்த வைத்தியர் அறுபத்திருவர் என்பர். அவருள் முப்பத்துமூவர் தமிழ் வழியே கற்றவர்.

பாடப் புத்தகம் இல்லாத பாஷையில் பாடம் நடத்துவது எங்ஙனம்? தம் மாணாக்கரையும் கூட்டாளிகளையும் உடன் வைத்துக்கொண்டு, இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நூல்களைத் தமிழில் ஆக்கினார். கெமிஸ்தம் என்னும் பெயரைக் கேட்டு இன்றைய கல்லூரி மாணவன் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அந்நியர் ஒருவர் துணிந்து இட்ட பெயரைப் பார்த்து நகைக்கிற நாம், நம் முகாமுக்கு வருபவர்கள் சொல்லும் நோய்ச் சொற்களில் பத்தையேனும் எழுதி வைத்திருக்கிறோமா? கிறிஸ்தவனாகிய தமிழன் உடையாலும் பழக்கவழக்கத்தாலும் தமிழனாகவே இருக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தியதும் இதே சிரத்தையின் மற்றொரு முகம். 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை அவர் விடவில்லை. 1884இல் மறைந்த அவருடைய கல்லறைக் கல்லில், தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்ற அடையாளமே அவர் விருப்பப்படி பொறிக்கப்பட்டது.

அக்காலத்து மிஷன் முறைகள் யாவும் நமக்கு உகந்தவை என்று வாதிக்க வரவில்லை. மருந்தைக் கொடுத்து மனத்தை விலையாகக் கேட்பது எவர் செய்தாலும் இழுக்கே.

ஜனங்களின் பாஷையைக் கற்று ஊழியம் செய்யும் வழியிலோ நம்மவர்களிலும் நடந்தோர் உண்டு. 1903இல் திருநெல்வேலித் திருச்சபையார் தம் சொந்தக் காணிக்கையில் இந்திய மிஷனரி சங்கத்தை ஸ்தாபித்து, நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியபோது, அச்சங்கத்தின் கர்த்தாக்களுள் முதன்மையானவராகிய வேதநாயகம் சாமுவேல் அசரியா, பின்னர் அங்கேயே தெலுங்கு கற்று, அந்த ஜனங்களோடு வாழ்ந்து, 1912இல் தோர்ணக்கலின் அத்தியட்சரும் ஆனார். அந்நாளில் ஒரு தமிழனுக்குத் தெலுங்குக் கிராமம் அந்நிய தேசமேயன்றி வேறென்ன?

இன்று நாம் அவ்வளவு தூரம் பிரயாணம் செய்யவும் வேண்டியதில்லை. ஒடிசாவின் உட்கிராமங்களே உடுமலையின் நூற்பாலை விடுதிகளுக்கும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. நம் ஊழியர்கள் ஞாயிறுதோறும் அவ்விடுதிகளுக்குச் செல்கிறார்கள். பழமும் துணியும் கொடுக்கிறார்கள். தமிழில் குசலம் விசாரிக்கிறார்கள். இராப்பாளியில் நின்று கண்சிவந்த பையனும் சிரித்துத் தலையாட்டுகிறான். அவனுக்குத் தலைவலி என்பது நமக்குத் தெரிவதில்லை. ஒடியாவில் 'முண்ட' என்றால் தலை, 'முண்ட பிந்துச்சி' என்றால் தலை குத்துகிறது என்று பொருள்; நமக்கோ முண்டம் என்றால் தலையில்லாத உடல்! ஒரே வடசொல் இரண்டு பாஷைகளில் இப்படி எதிரெதிராகப் போய் நிற்பதைப் பண்டிதர்கள் ரசிக்கலாம். முகாமில் மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ரசிக்க இயலாது.

வேற்று மொழிதான் வேண்டுமென்பதில்லை. நம் கொங்குச் சீமையிலேயே, ‘மேலுக்குச் சொகமில்லீங்க’ என்பதும் ‘சடவா இருக்குதுங்க’ என்பதும் வெவ்வேறு. முன்னது நோய், பின்னது அயர்ச்சி. வெளி மாவட்டத்திலிருந்து வந்த இளம் ஊழியர் இரண்டுக்கும் ஒரே சத்து மாத்திரையைக் கொடுத்தனுப்பியதை நாம் அருகிருந்து பார்த்திருக்கிறோம்.

ஆதலின், வரும் இதழ் முதல் முகாம் அறிக்கைகளை ஒரு பக்கத்துக்குள் சுருக்கி, மிஞ்சும் இடத்தில் நோய்ச் சொற்களின் அகராதி ஒன்றைத் தொடர்ந்து வெளியிட உத்தேசித்துள்ளோம். மலைக்குடியிருப்புகளிலும் ஆலை விடுதிகளிலும் பணிபுரியும் அன்பர்கள், தாம் காதால் கேட்ட சொல்லையும், சொன்னவர் உடம்பில் எந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார் என்பதையும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்பினால் போதும். முதற்பகுதியில் ஒடியாச் சொற்கள் வரும்; மேலே கண்ட தலைவலியோடு அது தொடங்குகிறது.