மகனின் பணப்பையில் அன்னையின் பணம்



சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் இரு பிள்ளைகளின் தாய். கணவர் குவைத்து நாட்டில் பணிபுரிகிறார். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மூத்த மகன், தாயின் வங்கி அட்டையைக் கொண்டு 'ஸ்டீம்' என்னும் இணைய விளையாட்டுக் கடையில் மூன்று தடவையாக 4,000 ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையைச் சேர்த்துவிட்டான். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் அன்னைக்குச் செய்தி தெரிந்தது. கள்வர் எவரோ கைவைத்துவிட்டனர் என்று எண்ணி வங்கிக்குப் புகார் எழுத அமர்ந்தவரிடம், இளைய மகள் உண்மையைச் சொல்லிவிட்டாள். பணம் திரும்பக் கிடைக்குமா, இனி இவ்வாறு நேராதிருக்க என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, மடலின் இறுதியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். அவரை உறங்கவிடாதது அதுவே என்பது எழுத்திலேயே தெரிகிறது. அவன் தந்தையிடம் இதைச் சொல்வதா, மறைப்பதா?

மாத இதழ் அச்சேறி வரும்வரை காத்திராத செய்தி ஒன்று இதில் உண்டு. ஆகவே அவருக்கு அன்றே தொலைபேசியில் மறுமொழி கூறிவிட்டோம். ஆயினும் இது ஒரு வீட்டோடு நிற்கும் செய்தியன்று. ஆதலின் பெயரும் ஊரும் தவிர்த்து இங்கு விரிவாக எழுதுகிறோம்.

ஸ்டீம் என்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள 'வால்வ்' என்னும் நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய கடை. கணினி விளையாட்டுகளை அது இணையத்தின் வழியே விற்கிறது. கணக்குத் தொடங்க 13 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அதன் விதி. 2010-இல் அக்கடை ஒவ்வொரு கணக்கோடும் ஒரு பணப்பையை இணைத்தது. பணம் சேர்க்க விரும்புபவர், கடை குறித்து வைத்திருக்கும் தொகைகளுள் ஒன்றைத் தேர்ந்து, வங்கி அட்டை வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ செலுத்தலாம். 2015-ஆம் ஆண்டின் இறுதி முதல் நம் நாட்டவர்க்கு ரூபாயிலேயே கணக்கு நடக்கிறது.

பொருட்காட்சியில் இராட்டினம் ஏறுவதற்கு நாம் டோக்கன் வாங்குகிறோம் அல்லவா? அதைக் கொண்டு இராட்டினம் ஏறலாம்; வெளியே வந்து மளிகைக் கடையில் நீட்ட முடியாது. இப்பணப்பையும் அத்தகையதே. அதிலுள்ள தொகையை வங்கிக்கு மாற்றவோ, வேறொருவர் பணப்பைக்கு அனுப்பவோ வழியில்லை. விளையாட்டில் கிடைத்த பொருளைக் கடையின் சந்தையில் விற்றாலும் அத்தொகை பணப்பைக்கே வந்து சேரும். பிள்ளைகள் இதை "சம்பாதித்தேன்" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அச்சம்பாத்தியத்தைக் கொண்டு ஒரு கிலோ அரிசி வாங்க இயலாது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நலம்.

இனி, அன்னையின் முதல் கேள்விக்கு வருவோம். வால்வ் நிறுவனம் 2015 ஜூன் திங்களில் பணம் திருப்பித் தரும் நெறி ஒன்றை அறிவித்தது. பணப்பையில் சேர்த்த தொகையில் ஒரு பைசாவும் செலவிடப்படாதிருந்தால், சேர்த்த 14 நாள்களுக்குள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். விளையாட்டு வாங்கியாயிற்று எனில், வாங்கி 14 நாள்களுக்குள்ளும், ஆடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். வால்வ் நிறுவனமே ஆக்கிய விளையாட்டுகளுக்குள் வாங்கும் பொருள்களுக்கு 48 மணி நேரமே தவணை. அவற்றைப் பயன்படுத்தியிருக்கவும் கூடாது. வெளிக்கடையில் வாங்கிய பரிசு அட்டையின் எண்ணை உள்ளிட்டுச் சேர்த்த தொகைக்கோ, ஸ்டீம் பொறுப்பேற்பதில்லை. காத்திராத செய்தி என்று நாம் கூறியது இந்த 14 நாள் கெடுவையே. அவன் மூன்றாம் தடவை சேர்த்த தொகை அப்போது தொடப்படாமல் இருந்தது. முதல் இரண்டு தடவை சேர்த்ததோ 'கவுண்டர் ஸ்டிரைக்' விளையாட்டில் பெட்டிகளைத் திறக்கும் சாவிகளாகிக் கரைந்துவிட்டது.

இந்தச் சாவியைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும். பூட்டிய பெட்டி விளையாட்டுக்குள் கிடைக்கும். சாவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். திறந்தால் உள்ளே துப்பாக்கிக்குப் பூசும் வண்ணம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் மலிவானது, மிக அரிதாக விலையுயர்ந்தது. 2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் இவ்விளையாட்டு உட்படச் சிலவற்றின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. பெட்டியைத் திறந்த பின் சாவிக்குக் கொடுத்த பணம் திரும்பாது. நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம் பணம் கட்டிப் பணம் வெல்ல ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. விளையாட்டுகளை விற்கும் கடை அவ்வகையைச் சேர்ந்ததன்று. எனினும் கடைக்குள் பிள்ளை வாங்குவது விளையாட்டா, சாவியா என்பதைப் பெற்றோர் கேட்டறிதல் வேண்டும். நம் மதிப்பீட்டில் இரண்டும் ஒன்றல்ல.

வங்கிக்குப் புகார் எழுதாமல் விட்டது நன்றாயிற்று. வீட்டுப் பிள்ளை செய்ததைக் களவு என்று வங்கியில் முறையிட்டு அப்பணத்தை இழுத்தால், கடை அக்கணக்கை முடக்கக்கூடும்.  மேலும், நடவாத களவுக்குப் புகார் எழுதுவது நேர்மையுமன்று. கடையின் உதவிப் பக்கத்தில் விண்ணப்பிப்பதே முறை.

தம் வளர்ப்பில் குறையோ என்று அந்த அன்னை வருந்துகிறார். அவ்வளவு வருந்த வேண்டுவதில்லை. பெரிய நிறுவனங்களே பிள்ளைகளின் கைக்கும் பெற்றோரின் பணத்துக்கும் இடையிலிருந்த கதவைத் திறந்துவைத்து வாணிகம் செய்திருக்கின்றன. 'ஆப்பிள்' நிறுவனத்தின் கைப்பேசியில் பெற்றோர் ஒருமுறை கடவுச்சொல்லை இட்டால், அதன்பின் 15 நிமிடம் பிள்ளை கேட்பாரின்றி வாங்கலாம் என்றிருந்தது. அது பெற்றோர்க்குத் தெரிவிக்கப்படவில்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வாணிக ஆணையம் வழக்குத் தொடுத்து, 2014 ஜனவரியில் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பித் தரச் செய்தது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் 'எபிக்' நிறுவனமோ, வாங்கியவரின் அட்டை விவரத்தைத் தானே சேமித்துக்கொண்டு, பிள்ளைகள் ஒரு பொத்தானை அழுத்தியதும் பணம் போகுமாறு வைத்திருந்தது. வங்கியில் முறையிட்டவர்களின் கணக்குகளைப் பூட்டியது. 2022 டிசம்பரில் இதன்பொருட்டு 24 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க அது உடன்பட்டது.

நம் நாட்டில் நிலைமை இதனினும் நன்று. அட்டையால் இணையத்தில் பணம் செலுத்தப் பொதுவாக ஓ.டி.பி. எண் வேண்டும், யு.பி.ஐ.க்கு இரகசிய எண் வேண்டும். ஆனால் ஓ.டி.பி. எண் வரும் கைப்பேசி யாரிடம் இருக்கிறது? வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது என்று மாலை முழுவதும் அது பிள்ளையிடமே இருக்கிறது. கதவும் உண்டு, பூட்டும் உண்டு. திறவுகோல் மட்டும் பூட்டிலேயே தொங்குகிறது. பூட்டிய கைப்பேசியின் முகப்பில் குறுஞ்செய்தியின் வாசகம் தோன்றாதவாறு அமைப்பது இரண்டு நிமிட வேலை. யு.பி.ஐ. எண்ணாகத் திருமண ஆண்டையோ பிள்ளையின் பிறந்த ஆண்டையோ வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள்.

தந்தையிடம் மறைக்க வேண்டாம் என்பதே நம் துணிபு. மறைத்தால் அன்னை மகனுக்கு உடந்தையாகிறார். இளைய மகளும் வாய்மூடப் பழக்கப்படுகிறாள். இனி அடுத்த தடவை அவன் அன்னையிடமும் சொல்லான். அதற்காகத் தொலைபேசியில் அழுது முறையிட்டு, கடல் கடந்திருப்பவரைக் கலங்கச் செய்யவும் வேண்டாம். கணவரிடம் முன்னதாகச் சுருக்கமாகக் கூறிவிட்டு, அவருக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை மகனே தன் வாயால் சொல்லட்டும். எத்தனை ரூபாய், எந்தெந்த நாளில், எதற்காக என்று. அருகில் அன்னை அமர்ந்திருக்கட்டும். தோழர்கள் எல்லோரிடமும் அந்த வண்ணத் துப்பாக்கி இருக்கிறது, இல்லாதவனை ஏளனம் செய்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளிவரக்கூடும். அது சிறு துன்பமன்று. அதைக் கேட்காமல் தண்டனை மட்டும் கொடுப்பது பயன் தராது. கரைந்துபோன தொகையைக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு உறவினர் தரும் அன்பளிப்பிலிருந்து சிறுகச் சிறுக ஈடுசெய்யச் சொல்லலாம். கணினியைப் பூட்டி வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். பூட்டலாம், ஆனால் பள்ளிப் பாடமும் அதற்குள்தான் இருக்கிறது.

பிள்ளைக்கு விளையாட்டு வாங்கித் தர விரும்பும் பெற்றோர் பணப்பையை நிரப்பாமலேயே அவ்விளையாட்டுக்குரிய விலையை நேரடியாகச் செலுத்தலாம். மிச்சம் கிடக்கும் சில்லறை அடுத்த பொருளுக்கு அழைக்கும் தொல்லை இதில் இல்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்று வரையறுத்துக் கொடுப்பதாயின், தாமே உடனிருந்து ஒருமுறை பணப்பையில் சேர்த்து, அட்டை விவரத்தைச் சேமிக்காமல் விடுவதும் நல்ல வழி, தீர்ந்தால் தீர்ந்ததுதான். டிசம்பர் இறுதியில் அக்கடை பெருந்தள்ளுபடி அறிவிப்பது வழக்கம் என்பதையும் நினைவில் கொள்க. 2024 செப்டம்பர் முதல் அங்கே 'ஸ்டீம் குடும்பம்' என்னும் ஏற்பாடு உண்டு. பிள்ளை வேண்டியதைக் கூடையில் இட்டுக் கேட்கும். பெற்றோர் தம் கணக்கிலிருந்து ஒப்புதல் தந்து பணம் செலுத்துவர். குவைத்திலிருக்கும் தந்தையும் இவ்வாறு ஒப்புதல் தர முற்படலாம். ஆனால் ஒரே வீட்டில் வாழ்வோர்க்கே இவ்வேற்பாடு என்று கடை கூறுவதால், உள்ளூரில் இருக்கும் அன்னை அதை ஏற்பதே எளிது.

கடைசியாக, வஞ்சகர் பற்றி ஒரு சொல். "உன் கணக்கின்மேல் தவறுதலாகப் புகார் கொடுத்துவிட்டேன், இந்த அதிகாரியிடம் பேசு" என்று விளையாட்டுத் தோழன்போல் ஒருவன் செய்தி அனுப்புவான். 'அதிகாரி' வந்து, கணக்கைக் காப்பாற்றப் பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணை அனுப்பு என்பான். ஸ்டீம் ஊழியர் எவரும் அரட்டையில் வந்து இவ்வாறு பேசுவதில்லை. எண்ணைக் கொடுத்துவிட்டால் அதிலுள்ள பணம் நிமிடங்களில் மறைந்துவிடும். அச்சத்தில் பிள்ளைகள் இதை வீட்டில் சொல்வதில்லை. அப்படி நேர்ந்துவிட்டால், எந்நேரமாயினும் 1930 என்ற எண்ணை அழைத்து முறையிடுங்கள். அட்டை வாங்கிய ரசீதை எறிந்துவிடாதீர்கள்.