தக்காளி விதை பாவம்

சிறுநீரகக் கல் என்றதும் முதல் பழி தக்காளி விதைமேல் விழுகிறது. அடுத்தது போர்வெல் தண்ணீர்மேல். இதழ்களின் மருத்துவக் குறிப்புகளும் இதையே திருப்பிச் சொல்வது வருத்தத்துக்குரியது. கல்லாகப் படியும் ஆக்ஸலேட் தக்காளியில் குறைவு. பசலைக்கீரையில்தான் மிக அதிகம். போர்வெல்லின் கடின நீரால் கல் வரும் என்பதற்கோ உறுதியான சான்று இல்லை. வெந்நீர்ப் பானையின் அடியில் சொரசொரவென்று ஒட்டும் வெள்ளைப் படிவு கால்சியம் கார்பனேட். சிறுநீரகத்தில் பெரும்பாலும் உருவாவது கால்சியம் ஆக்ஸலேட்.

கல் வந்தவருக்குப் பாலையும் மோரையும் நிறுத்திவிடுகிறார்கள். உணவோடு சேரும் கால்சியம் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் என்பதால் இது தலைகீழ் வைத்தியம். அடிக்கடி கல் வந்த ஆண்களை இத்தாலியில் 5 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. கால்சியத்தைக் குறைத்தவர்களோடு ஒப்பிட்டால், அதை வழக்கம்போல் உண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்குக் கல் திரும்பியது ஏறக்குறைய பாதிதான். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றி எந்த வீட்டிலும் பேச்சில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், தண்ணீர் போதாமை. நாளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் பிரியுமளவு குடிக்க வேண்டும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கக் கூசியே பாட்டிலைத் திறக்காமல் வைத்திருக்கிறார். வாழைத்தண்டுச் சாறு பற்றி எழுதும் பக்கத்தில், கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் சுத்தமான கழிப்பறை வேண்டுமென்றும் எழுதலாம்.