வான் வைத்திருப்பவரின் மச்சான்



மட்டக்களப்பில் பாட்டு ரசிகராக இருப்பதற்கு ஒரு வான் வேண்டும். வான் இல்லாதவர், வான் வைத்திருப்பவரின் மச்சானாகவாவது இருக்க வேண்டும். நாம் ஆசைப்படுகிற மேடைகள் எல்லாம் நமது வாவிக்கு வெகு தூரத்தில்தான் போடப்படுகின்றன. கொழும்பு என்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணம் என்றால் ஏழு எட்டு மணி நேரம். சென்னை என்றால் கடவுச்சீட்டு, விசா, கட்டுநாயக்கா, எல்லாவற்றுக்கும் முதல் அப்பாவின் முகம்.

2023 ஒக்ரோபர் 21ஆம் திகதி இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் யாழ்ப்பாணத்தில் ‘யாழ் கானம்’ நடத்தப் போகிறார், அனுமதி இலவசம் என்று செய்தி வந்ததும் எங்கள் அலுவலகத்தில் வேலை நின்றுபோனது. பக்கம் வடிவமைக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம், அவர்களின் சிநேகிதர் ஒரு பக்கம் என்று வானுக்குத் தலை எண்ணத் தொடங்கினார்கள். பெடியன்களுக்குப் பிரச்சினை இல்லை. பிள்ளைகளின் தாய்மாரிடம்தான் வழக்கு. ஒரு தாய் எனக்கே அழைப்பெடுத்தார்: “ரீச்சர், நீங்க போறதெண்டா அனுப்புறன். இல்லாட்டி இவள் போகத் தேவல்ல.” பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனை வருஷமானாலும் இந்த ஊரில் ரீச்சர் ரீச்சர்தான். இப்படியாகத்தான் உங்கள் ஆசிரியர், முழங்கால் நோவுக்கான எண்ணெய்ப் போத்தலோடு, இருபது வயதுக்காரர் நிறைந்த வானில் முன் ஆசனம் பிடித்தார்.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின வருஷம்தான் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றோம். மோட்டார் சைக்கிளைப் பூட்டிவிட்டு வரிசையிலேயே படுத்துறங்கிய அதே பெடியன்கள், ஒரு பாட்டுக்காக வான் பிடிக்கக் காசு சேர்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. பெரியவர்கள் சிலருக்கு வந்தது. “பாட்டுக் கேக்கிறதுக்கு யாழ்ப்பாணமா? போன்ல வராதா?” என்று கேட்டார்கள். போனில் வரும்தான். கல்யாண வீட்டு வீடியோவும் போனில் வருகிறது, அதற்காக யாரும் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கிறோமா?

எந்த வழியால் போவது என்பதில் கல்லடிப் பாலம் தாண்டுவதற்கிடையில் சண்டை தொடங்கிவிட்டது. திருகோணமலையால் போய் ஹொரவப்பொத்தானையில் கிறுகி வவுனியாவைப் பிடிப்பது ஒரு கட்சி. ஹபரணையால் போய் கண்டி வீதியில் ஏறுவது மற்றக் கட்சி. சாரதி ஒன்றும் பேசாமல் ஓட்டமாவடி தாண்டி வெலிக்கந்தைப் பக்கம் விட்டார். வழக்கு முடிந்தது.

மன்னம்பிட்டியில் மகாவலியைத் தாண்டும்போது பக்கத்தில் பழைய இரும்புப் பாலம் தெரிகிறது. 2007இல் புதுப்பாலம் திறக்கும்வரை கோச்சியும் பஸ்ஸும் லொறியும் அந்த ஒரே பாலத்தால்தான் போய்வந்தன. கோச்சி வருகிறதென்றால் மற்ற எல்லாம் நிற்க வேண்டும். அந்தப் பாலத்தடியில் நின்று காத்திருந்த நேரம் மட்டும் என் இளமையில் ஒரு நல்ல பங்கு. வானுக்குள் யாருக்கும் அது தெரியாது. சொன்னேன். “அப்பிடியா ரீச்சர்?” என்றுவிட்டு அடுத்த பாட்டைப் போட்டார்கள். அதுவும் சரிதான்.

மின்னேரியா, ஹபரணைப் பக்கம் யானை வரும் என்பதால் பொழுது படுவதற்கு முதல் அந்தக் காட்டைத் தாண்டுவது கிழக்கு மாகாணத்துச் சாரதிகளின் எழுதாத சட்டம். பிறகு மரதன்கடவலை, மதவாச்சி, வவுனியா. முறிகண்டியில் எந்த வாகனமும் நிற்காமல் போவதில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், நமக்கு ஒரு சரை கச்சான். சாமி நம்பிக்கை இல்லாத தம்பி ஒருவன்தான் எல்லாரையும் விட அதிகமாகக் கச்சான் வாங்கினான். கட்டிக்கொண்டு போன புட்டும் இறால் பொரியலும் அங்கேயே முடிந்தன.

இந்த வழி நெடுக வானுக்குள் நடந்த வாக்குவாதம், சந்தோஷ் நாராயணன் செய்வது றொக் இசையா இல்லையா என்பது. ‘கபாலி’யின் ‘நெருப்புடா’ றொக் இல்லையென்றால் வேறென்ன என்று ஒருவன். சினிமாவுக்கு எழுதினால் அது சினிமாப் பாட்டுத்தான், இசைக்குழு என்றால் நாலு பேர் தங்கள் சொந்தப் பாட்டோடு மேடையேற வேண்டும் என்று ஒருத்தி. நான் அவள் பக்கம். ஆனாலும் தமிழில் ஒரு கிற்றாரின் அலறல் ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டுமானால் அது இன்னும் சினிமாவின் முதுகில் ஏறித்தான் போகிறது. 2012இல் ‘அட்டகத்தி’ வந்தபோது சென்னைக் கானாவை நம் பிள்ளைகள் காதில் போட்டதும் அதே முதுகுதான். வெள்ளைக்கார ரசிகருக்கு இசைக்குழு எதுவோ, நம் பிள்ளைகளுக்கு இசையமைப்பாளர் அது.

குழு ஒன்றின் பின்னால் வண்டி கட்டி அலைகிற பைத்தியத்தில் அமெரிக்கரை யாரும் வெல்ல முடியாது. கிரேட்ஃபுல் டெட் என்ற குழு 1965 தொடக்கம் 1995 வரை பாடியது. அது போன ஊருக்கெல்லாம் பழைய வான்களில் பின்தொடர்ந்த ரசிகர்கள், வாகனத் தரிப்பிடத்திலேயே சாப்பாடும் சட்டையும் விற்று அடுத்த ஊருக்கான டிக்கட்டுக்குக் காசு தேடினார்கள். 1969 ஓகஸ்டில் வூட்ஸ்ரொக் விழாவுக்குப் போனவர்களோ நெரிசலில் கார்களை வீதியோரம் விட்டுவிட்டு நடந்தார்கள். விழா நடந்தது ஒரு பால் பண்ணையில். நமக்குக் கிட்ட என்றால், 2007 மார்ச் 17இல் அயர்ன் மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பாடியதைச் சொல்ல வேண்டும். இந்தியாவின் எந்தெந்த மூலையிலிருந்தோ இரவு ரயில் ஏறி, கறுப்பு ரீசேட்டோடு வந்து குவிந்தார்கள்.

‘யாழ் கானம்’ நடந்த யாழ்ப்பாண முற்றவெளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோட்டைக்குப் பக்கத்து வெட்டவெளி. நாங்கள் நின்ற இடத்திலிருந்து மேடை விரல் நகமளவு. திரையில்தான் முகம் பார்த்தோம். ஆனால் ட்ரம்ஸ் விழும்போது அது காதுக்கு வருவதில்லை, நெஞ்செலும்புக்கு வருகிறது. என்னோடு வந்த பிள்ளைகளில் ஒருத்தி, அலுவலகத்தில் நாள் முழுக்க நாலு சொல் பேசாதவள், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். தாயிடம் இதைச் சொல்லவில்லை. அவர் இந்தப் பக்கத்தை வாசிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

எல்லாப் பயணமும் இப்படி முடிவதில்லை. அதே முற்றவெளியில் 2024 பெப்ரவரி 9ஆம் திகதி ஹரிஹரன் பாட வந்தபோது சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் பாய்ந்தது, பாட்டு இடையில் நின்றது. அதற்கு முதல், 2023 செப்ரெம்பர் 10இல், சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சிக்கு டிக்கட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் உள்ளே போக முடியாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே நின்று திரும்பினார்கள். உள்ளே போனவர்களில் நெரிசலில் தவித்த பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ரகுமான் காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். காசு திரும்பும். அந்த வீதியில் பிள்ளையின் கையைப் பிடித்தபடி நின்ற பயம் எப்படித் திரும்பும்?

எனக்கு இதில் ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. ஒரு நிகழ்ச்சியின் தரத்தை மேடையில் பார்க்காதீர்கள், பெண்களுக்கான கழிவறை வரிசையில் பாருங்கள். எத்தனை கழிவறை, எத்தனை குடிதண்ணீர்த் தாங்கி, வெளியேற எத்தனை வழி. இவற்றுக்குப் பதில் இல்லாதவர் ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கவே கூடாது. 2015 டிசம்பரில் கொழும்பில் என்ரிக் இக்லேசியாஸ் பாடிய இரவில் இரசிகைகள் நடந்துகொண்ட விதம் கேட்டுக் கொதித்த அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ஏற்பாட்டாளர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்றார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைப் போட்டுச் சிரித்தன. வாவிக்கரை ஆட்களான நமக்குத் திருக்கை வால் புதிதல்ல. நான் அதைக் கழிவறை கட்டாத ஏற்பாட்டாளருக்காகப் பத்திரப்படுத்தி வைப்பேன்.

“எங்கட காலத்தில இப்பிடி அலையல்ல” என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒன்று. உங்கள் காலத்துக்கு முந்தினவர்கள் நன்றாகவே அலைந்தார்கள். படுவான்கரையில் கூத்து அரங்கேறுகிறது என்றால், சட்டங் கொடுத்த நாள் தொட்டு மாதக்கணக்கில் மத்தளச் சத்தம் கேட்டுப் பொறுத்திருந்த சனம், பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் ஏறியது. எழுவான்கரையிலிருந்து போகிறவர் வாவியைக் கடக்க வேண்டும். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் வரும்வரை மிதவைப் பாதையில் ஏறித்தான் கடந்தோம். வட்டக் களரியைச் சுற்றி இருந்து விடியும்வரை பார்த்துவிட்டு, அடுத்த கிழமை எந்த அண்ணாவியாரின் கூத்து எங்கே என்று விசாரித்துக்கொண்டே திரும்பினார்கள். இதற்கு மேல் ரசிகர் என்பவர் என்ன செய்வார்?

பொப் இசை வந்தபோதும் நாம் தூரத்தில் இருக்கவில்லை. ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினம் படித்தது அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில். ‘சுராங்கனி’யோடு தமிழ்நாடு வரை போன ஏ.ஈ. மனோகரனை இலங்கை வானொலி வீடு வீடாகக் கொண்டு வந்தது. எழுபதுகளில் கார்னிவல் மேடைகளுக்குச் சைக்கிளில் டபிள் போட்டுப் போன மாமாமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது.

நடுவில்தான் அறுந்தது. எண்பதுகளில் போர் தொடங்கி நாங்கள் இளமையாக இருந்த காலம் முழுக்க, பொழுது பட்டால் படலை சாத்துவதுதான் பாட்டுக்கு முன்னால் வந்த சட்டம். சோதனைச் சாவடியில் ஏன் போகிறாய் என்று கேட்டால் பாட்டுக் கேட்க என்று பதில் சொல்லியிருக்க முடியுமா? யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி 2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் மறுகா மூடுண்டது. எனது வயதுக்காரருக்கு இசை நிகழ்ச்சி என்பது பற்றரியைப் பல்லால் கடித்துப் போட்டுக் கேட்ட கசெற். ஆகவே வானில் பின் ஆசனத்தில் பாடிக்கொண்டு போகிற பிள்ளைகளைப் பார்த்து யாராவது ‘ஊதாரி’ என்றால் என்னால் தலையாட்ட முடியாது. நாங்கள் போகாத பயணங்களையும் சேர்த்து அவர்கள் போகட்டும்.

இசைக்காக ஊர் தாண்டியவர்களில் நம் பக்கத்தின் மிகப் பெரியவர் யார் என்று வானில் ஒரு கேள்வி வந்தது. காரைதீவின் மயில்வாகனம் என்றேன். யாருக்கும் புரியவில்லை. சுவாமி விபுலாநந்தர் என்றதும் சிரித்தார்கள். அழிந்துபோன யாழை நூல்களுக்குள் தேடி, கணக்குப் போட்டு, அதைத் திரும்பவும் செய்வித்து ஒலிக்க வைத்தவர். 1947 ஜூனில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் ‘யாழ் நூல்’ அரங்கேறியபோது உடல் தளர்ந்திருந்தும் போய் நின்றார். அடுத்த மாதம் 19ஆம் திகதி காலமானார். ‘யாழ் கானம்’ என்ற பெயர் கேட்டு ஓடிய பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் கிளிநொச்சி தாண்டிப் பரந்தன் வரை சொன்னேன். அந்த நேரம் ஒருவரும் அடுத்த பாட்டைப் போடவில்லை.

அவர்கள் திருப்பிக் கேட்ட கேள்விதான் இந்த மாதப் பக்கத்தை எழுத வைத்தது. ஏன் ஒருவரும் மட்டக்களப்புக்கு வருவதில்லை? வெபர் மைதானம் இருக்கிறது. கல்லடியில் விபுலாநந்தர் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளைக் கொண்டே இரண்டு மூன்று இசைக்குழு அமைக்கலாம். கார்த்திகை, மார்கழி மழையையும் வெள்ளத்தையும் விட்டால் மாசியிலிருந்து புரட்டாதி வரை திறந்தவெளிக்குத் தோதான காலம். காசு போடுகிறவர்கள் இந்த ஊரில் இல்லை என்பதை நான் நம்பவில்லை. கல்யாண மண்டபச் சோடனையைப் பார்த்த எவரும் நம்பமாட்டார். வெளியூர்ப் பெயர் வரும்வரை காத்திருக்காமல், சொந்தப் பாட்டோடு ஏறத் தயாரான நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் மேடையைக் கொடுப்பதே சரி என்பது என் எண்ணம். அப்படி ஒரு குழு உங்கள் ஒழுங்கையில் பயிற்சி எடுத்து அயலவரின் நித்திரையைக் கெடுத்துக்கொண்டிருந்தால், பொலிசுக்குச் சொல்வதற்கு முதல் எங்களுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் சில பக்கங்களை உங்கள் பயணங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். கூத்துக்குப் போன கதை, கார்னிவலுக்குப் போன கதை, வெளிநாட்டில் பனிக்குள் பஸ் பிடித்துப் பாட்டுக் கேட்கப் போன கதை, வீட்டில் விடாததால் போகாமல் போன கதை, எல்லாம் எழுதுங்கள். பழைய நுழைவுச் சீட்டோ நோட்டீசோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அசலை அனுப்ப வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் கறையான் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்