ஆடுகளத்தைப் பார்க்காமல் அணி அமைக்கலாமா?

பருவம் முடிந்ததும் ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் அனைத்திலிருந்தும் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுத்து, களமிறங்காத ஓர் அணியை அறிவிப்பது அமெரிக்க உள்ளூர் நாளிதழ்களின் நீண்டகால வழக்கம். பயிற்சியாளர்கள் தங்கள் மாணவர்களின் பெயர்களையும் புள்ளிவிவரங்களையும் அனுப்புவார்கள். ஆண்டு முழுதும் ஆட்டங்களைப் பார்த்த விளையாட்டு நிருபர் அவற்றை எடைபோட்டு முதல் அணி, இரண்டாம் அணி, பாராட்டுக்குரியோர் என்று பிரிப்பார். இங்கிலாந்தில் விஸ்டன் ஆண்டு மலர் 2008 முதல் பள்ளிக் கிரிக்கெட் வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவருகிறது. முதல் தேர்வு, யார்க் நகர செயின்ட் பீட்டர்ஸ் பள்ளிக்காக 2007 பருவத்தில் 654 ரன் குவித்த ஜானி பேர்ஸ்டோ. 2010இல் ஜாஸ் பட்லர்.

சென்னையில் இந்த வழக்கம் வேர்பிடிக்கவில்லை. பேட்டை இதழ்களுக்கு மட்டும் இங்கே பஞ்சமில்லை. மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் என்று தெருவையும் கோயிலையும் குப்பைத் தொட்டியையும் பெயர் சொல்லி எழுதும் இதழ்கள் வீடு தேடி வருகின்றன. பெரிய நாளிதழ்களின் கண்ணுக்கு எட்டாத பள்ளி ஆட்டங்கள் இவற்றின் எல்லைக்குள்தான் நடக்கின்றன. வட்டார அணியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இவை ஏற்க வேண்டும். ஆனால், இன்று பள்ளி விளையாட்டுச் செய்தி பொதுவாக அச்சேறும் முறையிலேயே அதைச் செய்வதானால் செய்யாமலிருப்பது மேல். கோப்பையைப் பிடித்தபடி மாணவர்கள், நடுவில் தாளாளர், ஓரத்தில் பி.டி. மாஸ்டர் என ஒரு படம், அதன் கீழே நான்கு வரிக் குறிப்பு. பள்ளி அனுப்புவது இவ்வளவுதான். இதைக் கொண்டு யார் நன்றாக ஆடினார் என்று சொல்ல முடியாது. எந்தப் பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்ப ஆள் இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும்.

பத்திரிகைத் தேர்வால் யாருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்துவிடாது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்படும் 500 இடங்களுக்குச் சான்றிதழ்தான் பேசும். செய்தித்தாள் நறுக்குக்கு மதிப்பெண் இல்லை. அதிலேயே ஒரு வசதியும் இருக்கிறது. சான்றிதழ் பதக்கத்தையும் பங்கேற்பையும் மட்டுமே அறியும். முதல் சுற்றிலேயே தோற்ற அணியில் பத்து கோல்களைத் தடுத்த பெண் அதன் கணக்கில் வரமாட்டாள். மைதானத்தில் நின்ற நிருபரின் கணக்கில் வருவாள். கிளப் அணியிலோ நிறுவன அணியிலோ வாய்ப்புக் கேட்டுப் போகும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளையின் கோப்பில் அந்த நறுக்கு இருந்தால் அது வெறும் காகிதமல்ல.

கிரிக்கெட்டின் ஆதிக்கம்தான் இதில் பெரிய சிக்கல். சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளி அஸ்வினையும் தினேஷ் கார்த்திக்கையும் வாஷிங்டன் சுந்தரையும் தந்தது. தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை ஆட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் என்பது ஊரறிந்த விஷயம். கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் புத்தகம் உண்டு, இப்போது கைபேசிச் செயலியும் உண்டு. ரன்னும் விக்கெட்டும் தானாகவே செய்தி மேசைக்கு வந்து சேரும். கபடியிலும் கைப்பந்திலும் கோ-கோவிலும் நடுவர்கள் தாளில் எழுதும் புள்ளிகள் ஆட்டம் முடிந்ததும் உறைக்குள் போய்விடுகின்றன. அவற்றைக் கேட்டு வாங்கும் நிருபர் அபூர்வம். இருக்கிற எண்களை மட்டும் வைத்து அணி அமைத்தால், எண் கிடைக்கும் ஆட்டமும் எண்ணை எழுதிவைக்கும் பள்ளியும்தான் முன்னே நிற்கும்.

அப்போது யார் விடுபடுவார்கள் என்பதற்குக் கண்ணகி நகர் கார்த்திகாவே போதும். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் அவர் ஆடினார். தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் வழங்கியது. அந்த வாரம் எல்லாப் பத்திரிகைகளும் கண்ணகி நகருக்குப் போயின. நகரின் நடுவிலும் ஆற்றங்கரைகளிலும் இருந்த குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய இடம் அது. தங்கம் வருவதற்கு முன்பே அங்கே போவதுதான் உள்ளூர் இதழின் தொழில்.

ஒப்பீட்டிலும் எச்சரிக்கை வேண்டும். பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும். 14, 17, 19 என வயதுப் பிரிவுகளும் உண்டு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கோ தனியாகக் கிளஸ்டர் போட்டிகள். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகள் ஆண்டு முழுதும் ஒன்றையொன்று சந்திக்காமலே போகலாம். பலவீனமான எதிரணிக்கு எதிரான சதத்தையும் மாநில அரையிறுதியில் எடுத்த நாற்பதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. எந்த நிலைப் போட்டி, எத்தனை ஆட்டம், எதிரணி யார் என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிடுவதுதான் நேர்மை.

இனி பணம். இலவச இதழ் விளம்பரத்தால் வாழ்வது. விளம்பரம் தருபவர்களில் பள்ளிகளும் பயிற்சி நிலையங்களும் இருக்கும். ஆகவே, தேர்வுப் பக்கத்தை எந்தப் பள்ளியின் விளம்பரத்தோடும் சேர்த்து விற்கக் கூடாது, பரிசு விழாவுக்கு அகாடமிகளின் நிதியும் கூடாது. வாசகர் வாக்கெடுப்பு வேண்டவே வேண்டாம். அதில் வெல்வது பெரிய வாட்ஸ்அப் குழு வைத்திருக்கும் பள்ளி. பயிற்சியாளர்கள் பரிந்துரைக்கலாம், ஆனால் தம் சொந்த மாணவருக்கு அவர்கள் அளிக்கும் ஓட்டு செல்லக் கூடாது.

ஆளுக்கு எங்கே போவது என்று இதழாசிரியர்கள் கேட்பது நியாயமே. இரண்டு நிருபர்களை வைத்து நடக்கும் இதழ் ஆறு மைதானங்களில் நிற்க முடியாது. 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய, இப்போது நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் அடையாற்றுக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே படிப்பவர்களுக்குச் சிறு ஊதியம் கொடுத்துக் குறிப்பெடுக்கச் சொல்லலாம். முதல் ஆண்டில் மூன்று விளையாட்டு, இருபாலருக்கும் தனித்தனி அணி, இவ்வளவு போதும்.

தேர்வு என்பது ஜோதிடமும் அல்ல. 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த அஸ்வின் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர். பிறகுதான் சுழலுக்கு வந்தார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு 'நாளைய நட்சத்திரம்' என்று பட்டம் கட்டுவதை விட்டுவிட்டு, இந்த ஆண்டு என்ன ஆடினார் என்று மட்டும் எழுதட்டும். பெற்றோர் சம்மதமில்லாமல் படம் போட வேண்டாம். வீட்டு முகவரி எக்காரணத்துக்காகவும் வேண்டாம்.

பள்ளி திறக்கும் ஜூனிலேயே விதிகளையும் தேர்வாளர்களின் பெயர்களையும் முதல் பக்கத்தில் வெளியிட வேண்டும். பொதுத்தேர்வுகள் முடிந்த பிறகு ஏப்ரலில் அணியை அறிவிக்கலாம். மாநகராட்சிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களும் அதுவரை காத்திராமல் தங்கள் போட்டி அட்டவணையை இதழ்களுக்கு இப்போதே அனுப்பிவைக்க வேண்டும்.